ரைட்டர் வீட்டு நாக்கு

1977 மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டே கால் மணிக்கு, மேகமலை ஜீப் சின்னமனூர் மார்க்கெட் முன்னால் வந்து நின்றது. மாயக்காள் முதலில் இறங்கினாள். சேலையில் படிந்த புழுதியைத் தட்டினாள். மெஸ் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நல்லகண்ணு இறங்கவில்லை. கால் மரத்துவிட்டதாகச் சொன்னார். நாலு மணி நேரம் கல்ரோட்டில் குலுங்கி வந்தவருக்குக் கால் மரப்பது நியாயம்தான். ஆனால் அவருக்கு மரத்தது கால் இல்லை.

அவர் மேலே தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ரைட்டர். சனிக்கிழமைதோறும் கீழே இறங்குவார். தபாலைச் சேர்ப்பார், எஸ்டேட்டுக்கு வேண்டிய சாமான் வாங்குவார், மதியம் ஞானபாக்கியம் மெஸ்ஸில் சாப்பிடுவார், இரண்டரைக்கு ஜீப் ஏறுவார். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவர் மனைவி மாயக்காள் தானும் வருகிறேன் என்று சொன்னதில்லை. இந்த வாரம் சொன்னாள். வளையல் வாங்க வேண்டுமாம். வளையலோடு போயிருந்தால் வம்பில்லை. ஜீப் ஓட்டுகிற செல்லப்பாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மலை உச்சியில் அந்த மெஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் அடிவாரம் வந்தும் முடிக்கவில்லை. கேட்டுக்கொண்டே வந்த மாயக்காள், தானும் அங்கேயே சாப்பிடுவதாகச் சொன்னாள்.

இடம் கிடைக்காது என்றார் நல்லகண்ணு. நின்றுகொண்டே சாப்பிடுவதாகச் சொன்னாள். பொம்பளைகள் வருகிற இடமில்லை என்றார். நடத்துவதே பொம்பளைதானே என்றான் செல்லப்பாண்டி, கியரை மாற்றிக்கொண்டே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டா நன்றாக இருக்கும் என்றார். தனக்குச் செமிக்காது என்று சொல்லிவிட்டாள்.

அவருடைய பயமெல்லாம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த மெஸ்ஸில் முதல் தடவை உட்கார்ந்த அன்று, அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து ஞானபாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். யாராவது துரத்திக்கொண்டு வருகிறார்களா என்று கேட்டாள். ஆடி முடிந்த நேரம் அது. மலையில் இரண்டு மாதமாக விடாத மழை. காய்கறி ஏறாது. பருப்பு, உருளைக்கிழங்கு, கருவாடு, மறுபடியும் பருப்பு. சமைத்தவள்மேல் குற்றமில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"வீட்டுல நாக்கு செத்துப்போச்சுக்கா."

தன் நாக்கைத்தான் சொன்னார். ஆனால் ஒரு ஆம்பளை 'வீட்டுல' என்றால் அது கட்டடத்தையும் குறிக்கும், கட்டினவளையும் குறிக்கும். ஞானபாக்கியம் கட்டினவளை எடுத்துக்கொண்டாள். நெஞ்சில் கைவைத்தாள். எத்தனை நாளாக என்றாள். ரெண்டு மாசமாக என்றார். காய்ச்சலில் விழுந்துதான் அவளுக்கு நாக்கில் ருசி போயிற்றா என்றாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாய் நிறையச் சோறு இருந்தது. அதை மென்று விழுங்கி மறுப்பதற்குள் இலையில் அயிரை மீன் குழம்பு இன்னொரு கரண்டி விழுந்தது. உப்பு உறைப்புத் தெரியாதவள் கையில் சாப்பிடுகிற பிள்ளை, பாவம் என்றாள்.

மீன் விழுந்தபின் மறுப்பது மரியாதையாகப் படவில்லை. மறுத்தால் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னதாகவும் ஆகும். அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த சனிக்கிழமையும் அந்தக் கரண்டி வந்தது.

மாயக்காளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே யோசித்தார். அவள் கத்துகிறவள் இல்லை. கத்தினாலாவது பரவாயில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பனியிலும் மழையிலும் ஈர விறகை ஊதிச் சோறு போட்டவள். அந்தச் சோற்றை ஊரில் உட்கார்ந்து குறை சொன்னான் என்று ஆகிவிட்டால், அதற்கப்புறம் அவள் வைக்கிற எந்தக் குழம்பின் முன்னாலும் நிமிர்ந்து உட்கார முடியாது.

"கால் சரியாயிருச்சா?" என்றாள் மாயக்காள்.

இறங்கினார்.

மெஸ்ஸுக்குப் போர்டு கிடையாது. நீளமான ஒரே அறை. எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, மேஜை. எட்டுப் பேர் உட்காரலாம். என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், பசி இருக்கிறதா என்று ஞானபாக்கியம் திருப்பிக் கேட்பாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இலையில் கொட்டுவது அங்கே வழக்கமில்லை. ஒவ்வொன்றாக வரும். கொஞ்சமாக வரும். ஒன்று உள்ளே இறங்கியபின் அடுத்தது. நடுவில் அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் நாக்கு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கும் என்பது அவள் கட்சி. சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். சாப்பிட்டபின் பெஞ்சிலேயே கண்ணயரலாம். அவசரம் என்று சொல்கிறவனை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அன்று உள்ளே ஒரே ஆள்தான் இருந்தார். ஏலக்காய்க் கடை ஜெபமணி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். மாயக்காளைக் கண்டதும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஞானபாக்கியம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ரைட்டரு வீட்டுலயா? வா ஆத்தா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

மாயக்காளின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாளோ என்று நல்லகண்ணுவுக்கு வேர்த்தது. கை கழுவுகிற சாக்கில் ஞானபாக்கியத்தைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். அந்த விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டாம், மாயக்காள் மனசு கஷ்டப்படும் என்று ரகசியமாகச் சொன்னார். ஞானபாக்கியத்துக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றாள். அதைப் பற்றித் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று சத்தியம் பண்ணினாள்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். வாயால் எதுவும் கேட்கவில்லை. சமையலால் கேட்டாள்.

முதலில் மூன்று பன்னீர் திராட்சை வந்தது. காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துப் பழம். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் கிடந்தது. மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும் ஒரு சிட்டிகை. எல்லாருக்கும் வைத்துவிட்டு மாயக்காள் முன்னால் மட்டும் நின்றாள். சில்லென்று இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் மாயக்காள். ஞானபாக்கியம் நல்லகண்ணுவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அடுத்தது ஒரு சின்னத் தம்ளரில் கொள்ளு ரசம். ஆவி பறந்தது. சூடு தெரிகிறதா என்றாள். தெரிகிறது என்றாள் மாயக்காள்.

அப்புறம் வெங்காய வடகம், ஆளுக்கு இரண்டு. மாயக்காள் கடித்ததும் குனிந்து கேட்டாள், சத்தம் கேட்கிறதா என்று.

மாயக்காள் மெதுவாக நல்லகண்ணு பக்கம் சாய்ந்தாள்.

"இந்த அக்கா எனக்குக் காது கேக்காதுன்னு நெனைக்கிறாகளா?"

எல்லாரையும் அப்படித்தான் கேட்பார்கள் என்றார் அவர். அவர்களோடு சாப்பிட வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டியைப் பார்த்தாள் மாயக்காள். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன்பாட்டுக்கு மூன்றாவது வடகத்தில் இருந்தான். ஜெபமணியின் இலையில் ஒன்று குறைந்திருந்தது.

நான்காவதாகச் சேனைக்கிழங்கு. அது மாயக்காளுக்கு மட்டும் வந்தது. ஒரே ஒரு துண்டு. பார்க்க அழகாக இருந்தது. அவள் வாயில் போட்டாள். நல்லகண்ணு அவள் முகத்தையே பார்த்தார். புருவம் மேலே போயிற்று. உதட்டை நாக்கால் தடவினாள். தண்ணீரை எடுத்தாள்.

"ஊறுதா?" என்றாள் ஞானபாக்கியம்.

"ஊறுதுக்கா."

"நல்லாவே ஊறுதா?"

"நல்லாவே ஊறுது."

"ஸ்தோத்திரம்" என்றாள் ஞானபாக்கியம், கண்ணை மூடி.

விருந்துக்கு வந்தவள் நாக்கு அரிப்பதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிற ஒருத்தியை மாயக்காள் அதற்குமுன் பார்த்ததில்லை. கணவரைப் பார்த்தாள். நல்லகண்ணு சுவரைப் பார்த்தார். சுவரில் காலண்டர் இருந்தது. அதில் விடுமுறை நாட்களைப் படித்தார்.

காரியத்தைக் கெடுத்தது ஜெபமணிதான். மனிதர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஸ்தோத்திரம் என்ற சத்தம் கேட்டால் விசாரிக்காமல் இருக்க அவரால் முடியாது. சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் மூன்று வருஷமாக ஜெபம் பண்ணினது இந்த அம்மாவுக்காகத்தானா என்று கேட்டார். ஞானபாக்கியம் கண்ணைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நாக்குக்காகத்தான பண்ணினீக?"

அறையில் யாரும் மெல்லவில்லை.

"யாரு நாக்குக்கு?" என்றாள் மாயக்காள்.

ஞானபாக்கியம் முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். சத்தியத்தை உடைத்தது தான் இல்லை என்று நல்லகண்ணுவைப் பார்த்துக் கையை விரித்தாள். பிறகு மாயக்காளின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறைக்க ஒண்ணுமில்ல ஆத்தா. தம்பி மொத நாளே மனசு பொறுக்காமச் சொல்லிருச்சு. வீட்டுல நாக்கு செத்துப்போச்சுன்னு. அன்னையிலருந்து ஒனக்காக முழங்கால் போடாத வாரமில்ல."

மாயக்காளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். அந்தச் சொல்லின் இரண்டு வாசலும் அவளுக்குத் தெரியும். தன் புருஷன் எந்த வாசல் வழியாக உள்ளே போனார், ஞானபாக்கியம் எந்த வாசலில் நின்று வரவேற்றாள் என்பதெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தாள். அது நேராக நிற்கிறதா என்று பார்த்தாள்.

நல்லகண்ணு வெயிலில் நிற்கிற ஜீப்பை நினைத்தார்.

"ஆமாக்கா" என்றாள் மாயக்காள். "செத்துத்தான் போச்சு."

அவருக்கு மூச்சு வந்தது. அவசரப்பட்டு வந்த மூச்சு. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அதுகூடப் பரவாயில்லக்கா. நான் வைக்கிறதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு இவுக சொன்னாத்தான எனக்குத் தெரியும். சொல்ல மாட்டாக. எது வச்சாலும் 'ம்'. புளிக்கு ஒரு 'ம்', உப்புக்கு ஒரு 'ம்'னு இருந்தாக்கூட நான் பிரிச்சுக்கிடுவேன். எல்லாம் ஒரே 'ம்'தான்."

ஞானபாக்கியம் நல்லகண்ணுவைப் பார்த்த பார்வை மாறியது. கொல்லைப்பக்கத்தில் கொடுத்த நற்சான்றைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ருசி தெரியாத பிள்ளைக்கு வாயால் சொல்லக்கூட முடியவில்லையா என்று கேட்டாள். ஜெபமணி, தம்பதிகள் ஒருவருக்கொருவர் கண்ணாகவும் காலாகவும் இருக்க வேண்டும் என்றார். நாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் செல்லப்பாண்டி.

அப்போது அயிரை மீன் வந்தது. இலையின் நடுவில் கையளவு சோறு, மேலே ஒரு கரண்டிக் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். ஞானபாக்கியம் சட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கரண்டியோடு நின்றாள்.

"சொல்லு தம்பி. நீ சொன்னப்புறம்தான் அவ சாப்பிடுவா."

நல்லகண்ணு ஒரு வாய் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார்.

"நல்லான்னா?" என்றாள் மாயக்காள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பச்சைப்பிள்ளை கதை கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

காரமாக இருக்கிறது என்றார். வத்தல் காரமா மிளகுக் காரமா என்றாள். அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். வத்தல் என்றார். உடனே தெரிகிறதா, அப்புறம் தெரிகிறதா என்றாள். மூன்றாவது வாய் எடுத்தார். இந்த முறை விழுங்காமல் வைத்திருந்தார். நாற்பத்திரண்டு வயதில், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு யோசித்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

புளிதான் முதலில் வருகிறது என்றார். கூர்மையாக இல்லை, பழைய புளி. காரம் பின்னால் ஒளிந்து வருகிறது, தொண்டையில் வந்துதான் பேர் சொல்கிறது. மீனை மெல்ல வேண்டியதே இல்லை. முள் இருப்பது தெரிகிறது, குத்தவில்லை. வெந்தயத்தை விட்டுவிட்டீர்கள் என்றான் செல்லப்பாண்டி. வெந்தயம் என்று சேர்த்துக்கொண்டார். ஓரத்தில் ஒரு கசப்பு. ஜெபமணி கண்ணை மூடி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, ரைட்டர் சொல்வது சரி, கசப்பு ஓரத்தில்தான் இருக்கிறது என்றார். ஞானபாக்கியத்துக்கு முகம் மலர்ந்துபோயிற்று. இருபது வருஷமாக அவள் குழம்பை ஊற்றுகிறாள். அது இப்படியெல்லாம் இருக்கிறது என்று அவளுக்கே யாரும் சொன்னதில்லை.

நல்லகண்ணுவுக்கும் ருசி பிடித்துவிட்டது. சொல்லச் சொல்ல வந்தது. யாரும் கேட்காமலே அடுத்ததையும் சொன்னார்.

"எல்லாம் இருக்கு. கடைசில வர்ற அந்த இனிப்பு மட்டும் இதுல இல்ல. நம்ம வீட்டுக் கருவாட்டுக் குழம்புல வருமே, அது."

மாயக்காளின் கை சோற்றின்மேல் நின்றது.

"நம்ம வீட்டுக் குழம்புல இனிப்பு வருதா?"

"வரும்."

"எப்பருந்து?"

"எப்பவுமே வரும். கொஞ்சூண்டு. விழுங்கினப்புறம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

கருவாட்டுக் குழம்பில் இனிப்பு என்றதும் ஞானபாக்கியத்துக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அப்படி என்ன போடுகிறாய் என்று கேட்டாள். சமையல்காரியிடம் சமையல்காரி கேட்ட கேள்வி. மாயக்காளுக்கும் தன் நாக்கின் நிலைமை மறந்துவிட்டது.

"கருப்பட்டிக்கா. சுண்டக்கா அளவு. எறக்குறப்பப் போட்டு மூடிரணும். பெறகு இன்னொண்ணு, தப்பா நெனைக்காதீக. அந்தச் சேனைய நீங்க புளித்தண்ணி ஊத்தி வேகவைக்கல. அதான் அந்த ஊறு ஊறுது. உப்பும் ஒரு கல்லு கம்மி."

சொன்னபின்தான் அவளுக்கு உறைத்தது.

ஜெபமணி கையை உதறிக்கொண்டு எழுந்தார். உப்பு ஒரு கல் கம்மி என்கிறாள் என்று செல்லப்பாண்டியைப் பார்த்துச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார். மூன்று வருஷத்து ஜெபம் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா சபைக்கு வந்து எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும், வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்றாலும் பாதகமில்லை என்றார்.

ஞானபாக்கியம் அந்தப் பேச்சில் சேரவில்லை. மாயக்காளைப் பார்த்தாள். நல்லகண்ணுவைப் பார்த்தாள். மறுபடியும் மாயக்காளைப் பார்த்தாள். இருபது வருஷமாக மனிதர்கள் சாப்பிடுகிற முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவள். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சட்டியில் கரண்டியை விட்டு அடியோடு அள்ளினாள். மூன்று வருஷமாக ரைட்டர் இலையில் விழுந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது கரண்டி அவர் இலைக்கு மேலாகவே போய் மாயக்காள் இலையில் விழுந்தது.

"தம்பிக்கு மோரு போதும்" என்றாள்.

சாட்சிக்குத் தான் வந்தால் சரிவராது என்று மாயக்காள் ஜெபமணியிடம் பணிவாகச் சொன்னாள். சொல்லத் தெரிந்தவர் தன் வீட்டுக்காரர்தான், பேசவிட்டால் எப்படிப் பேசுகிறார் என்று ஐயாவே கேட்டீர்களே என்றாள். ஜெபமணி அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார். ஆராதனை ஒன்பதரைக்கு என்று நல்லகண்ணுவிடம் சொன்னார். நல்லகண்ணு மோரைக் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது ஞானபாக்கியம் மாயக்காளின் கையில் வடகம் கட்டின ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். கருப்பட்டி எந்தப் பதத்தில் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை இவரை மேலேயே விட்டுவிட்டு நீ மட்டும் வா என்றாள். மாயக்காள் சிரித்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். நல்லகண்ணு தெருவில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெட் தெருவில் வெயில் அடித்தது. அவள் முன்னால் நடந்தாள். அவர் ஒரு எட்டுப் பின்னால் நடந்தார். வெற்றிலைக் கடை தாண்டியதும் பேச ஆரம்பித்தார். அது ஆடி முடிந்த சமயம் என்றார். ரெண்டு மாதம் மழை என்றார். காய் ஏறவில்லை என்பது அவளுக்கே தெரியும் என்றார். தன் நாக்கைத்தான் சொன்னதாகவும், அவள் கையைக் குறை சொல்லவில்லை என்றும், மறுக்க நினைத்தபோது வாயில் சோறு இருந்தது என்றும் சொன்னார். மூன்று வருஷமாகவா சோறு இருந்தது என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்கும் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார்.

மாயக்காள் நின்றாள். பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"அது கெடக்குது, விடுங்க. அந்த இனிப்பு தெரிஞ்சிருக்குல்ல ஒங்களுக்கு? தெரிஞ்சுக்கிட்டே பன்னெண்டு வருஷமா ஏன் வாயத் தொறக்கல?"